உப்பளத்தில் நடக்காத கொடுக்கல் வாங்கல்: அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கும், அவர்களுக்கான பாடநூல்களையும் வினாத்தாள்களையும் எழுதும் குழுவினருக்கும்,

வணக்கம்.

வேதிப்பிணைப்புப் பாடத்தில் அயனிச் சேர்மங்களை, அதாவது அயனிகள் எனப்படும் மின்சுமை கொண்ட துகள்களால் ஆன உப்பு போன்ற பொருள்களை, நாம் தொடங்கிவைக்கும் விதம் மாற வேண்டும். அதைக் கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல்.

எப்படித் தொடங்குகிறோம்? சோடியத்தின் வெளிக்கூட்டில் ஓர் எலக்ட்ரான், குளோரினின் வெளிக்கூட்டில் ஏழு. சோடியம் தன்னிடம் இருப்பதைக் கொடுத்துவிடுகிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. இரண்டுக்கும் எட்டு எட்டு ஆகிவிட்டது, பிணைப்பு உண்டாகிவிட்டது. கரும்பலகையில் இரண்டு வட்டங்கள், நடுவில் ஒரு வளைந்த அம்புக்குறி. அரை மணி நேரத்தில் பாடம் முடிந்துவிடும். பிள்ளைகளுக்கும் புரிந்துவிட்டது போல இருக்கும், தேர்வில் மதிப்பெண்ணும் வந்துவிடும்.

அதே பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில் என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள்தான். "உப்பைத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகிறது?" என்று கேட்டால், "சோடியம் குளோரைடு மூலக்கூறு உடைந்து சோடியமும் குளோரினும் தனித்தனியாகப் பிரியும்" என்று தயங்காமல் சொல்கிறார்கள். "அப்படியானால் டம்ளரில் குளோரின் வாயு வர வேண்டுமே, வருகிறதா?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் சோடியம் உப்புப் போட்ட ரசத்தில் கிடந்து என்ன செய்கிறது என்று கேட்டாலும் அதே அமைதிதான். அவர்கள் படித்ததில் எந்தக் குறையும் இல்லை. நாம் சொல்லிக்கொடுத்த கதைக்குள் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லை.

அயனிப் பிணைப்பு என்பது எலக்ட்ரான் கைமாறும் நிகழ்ச்சி அன்று. நேர்மின் சுமை கொண்ட அயனிக்கும் எதிர்மின் சுமை கொண்ட அயனிக்கும் இடையே, எந்தத் திசையிலும் எந்த அண்டை அயனியோடும் இருக்கும் ஈர்ப்புதான் அந்தப் பிணைப்பு. எலக்ட்ரான் கைமாறுவது ஓர் அயனி உண்டாகக்கூடிய வழிகளில் ஒன்று, அவ்வளவே. ஈர்ப்பை விட்டுவிட்டுக் கைமாறுவதையே பாடமாக்கிவிட்டோம் என்பதுதான் என் வருத்தம்.

நான் வேலை பார்ப்பது தூத்துக்குடி மாவட்டத்தில். வகுப்பில் உப்பளத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. அவர்களில் ஒரு மாணவி ஒரு நாள் எழுந்து கேட்டாள்: "சார், எங்க அளத்துல யாரும் சோடியத்தையும் குளோரினையும் கொண்டாந்து சேக்கலையே. தண்ணிய பாச்சுறாங்க, வெயில்ல காயுது, உப்பு வெளையுது. அப்ப அந்த எலக்ட்ரான எப்ப குடுத்துச்சு?" இந்த ஒரு கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முயன்றாலே பாடம் முழுவதையும் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

பதில் இதுதான்: கொடுக்கவே இல்லை. உப்பளத்து உப்பில் இருக்கும் சோடியம் அந்தக் குளோரினுக்கு எந்தக் காலத்திலும் எலக்ட்ரானைக் கொடுத்ததில்லை. கடலுக்குச் சோடியம் வந்தது பெரும்பாலும் பாறைகளிலிருந்து. மழையும் ஆறும் பாறையைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக் கொண்டுவந்து சேர்த்தது அது. பாறையில் இருந்தபோதே அது அயனியாகத்தான் இருந்தது. குளோரைடின் பெரும்பகுதி பூமியின் உள்ளிருந்து எரிமலை வாயுக்களோடு வெளியே வந்தது. வெவ்வேறு இடத்தில் பிறந்து, வெவ்வேறு வழியில் வந்து, கடலில் கலந்து கிடப்பவை அவை. பாத்தியில் தண்ணீர் வற்றும்போது நெருங்குகின்றன, ஒன்றையொன்று இழுத்து அடுக்காகின்றன. அந்த அடுக்குதான் உப்பு.

இதை எண்களாலேயே காட்டலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த வகுத்தல் கணக்குப் போதும். ஒரு கிலோ கடல்நீரில் குளோரைடு ஏறத்தாழ 19.4 கிராம், சோடியம் 10.8 கிராம், சல்பேட் 2.7 கிராம், மக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் தலா 0.4 கிராம் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் அதன் அணு நிறையால் (சல்பேட்டுக்கு அதன் வாய்பாட்டு நிறையால்) வகுத்து மில்லிமோலுக்கு, அதாவது அயனிகளின் எண்ணிக்கையை ஒப்பிட உதவும் அளவுக்கு, மாற்றச் சொல்லுங்கள். சோடியம் சுமார் 469 வரும், குளோரைடு சுமார் 546 வரும். ஆக, குளோரைடு 77 மில்லிமோல் கூடுதல். ஒவ்வொரு சோடியமும் தன் குளோரினோடு சோடி சேர்ந்தே இருக்கிறது என்றால் இந்தக் கூடுதல் 77க்கு யார் துணை? பிள்ளைகள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். அடுத்து மின்சுமையைக் கூட்டச் சொல்லுங்கள். மக்னீசியத்துக்கும் கால்சியத்துக்கும் சல்பேட்டுக்கும் இரண்டு இரண்டாக எண்ண வேண்டும். நேர்மின் பக்கமும் எதிர்மின் பக்கமும் 600ஐ ஒட்டி வந்து நிற்கும். நாம் கணக்கில் எடுக்காத பைகார்பனேட்டும் புரோமைடும், எண்களைத் தோராயமாக்கியதும் சேர்ந்து சிறு வித்தியாசம் காட்டலாம். ஆக, சோடிக் கணக்கு எங்கேயும் ஒத்துவரவில்லை, மொத்த மின்சுமைக் கணக்கு ஒத்துவருகிறது. அயனிச் சேர்மத்தின் அடிப்படையே இந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. வாய்பாடு எழுதும்போது நாம் செய்வதும் இதே சமன்பாட்டைத்தான்.

உப்பு விளையும் முறையையே பாடமாக்கலாம் என்பது என் ஆசை. கடல்நீரோ நிலத்தடி உப்புநீரோ, பாத்தி பாத்தியாக மாற்றி அடர்த்தியை ஏற்றுகிறார்கள். அடர்த்தியை அளக்கும் போமே மானியில் டிகிரி ஏற ஏற ஒவ்வொன்றாக வெளியேறுகிறது. முதலில் கால்சியம் கார்பனேட், அடுத்து ஜிப்சம், அதாவது கால்சியம் சல்பேட். அந்த மானி ஏறத்தாழ 25 டிகிரி காட்டும் நிலைக்கு வந்த பிறகுதான் சாதாரண உப்பு படிகமாகத் தொடங்குகிறது. அதற்கு மேல் சில டிகிரி ஏறியதும் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசந்துவிடும். தண்ணீருக்குள் இருந்தது பல வகை அயனிகளின் ஒரே கலவை. யார் யாரோடு சேர்ந்தால் கரையாமல் வெளியேற முடியுமோ அவர்கள் அந்தந்த நேரத்தில் சேர்ந்துகொள்கிறார்கள். கால்சியமும் சல்பேட்டும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு வந்த துணைகள் அல்லவே! பாத்தியின் ஒவ்வொரு கட்டமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. உப்பளத்தில் கால் வைத்து நடக்கிற பிள்ளைக்கு நாம் இதைச் சொல்லாமல் இரண்டு வட்டமும் அம்புக்குறியும் வரைந்து காட்டிக்கொண்டிருக்கிறோம்.

மழைக்காலத்தில் அடுக்களையில் கல்லுப்பு நீர்த்துப்போகிறதே, அதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. சுத்தமான சோடியம் குளோரைடு அவ்வளவு எளிதில் காற்றின் ஈரத்தை இழுக்காது. உப்போடு ஒட்டிக்கொண்டு வந்த மக்னீசியம் குளோரைடுதான் இழுக்கிறது. மக்னீசியம் அயனி சிறியது, அதன்மீது இரண்டு நேர்மின் சுமை, ஆகவே தண்ணீர் மூலக்கூறுகளை அது வலுவாகப் பிடித்துக்கொள்கிறது. அயனியின் உருவளவும் மின்சுமையும் எதற்காகப் படிக்கிறோம் என்று கேட்கும் பிள்ளைக்கு உப்புச் சாடியைத் திறந்து காட்டினால் போதும்.

இன்னொரு பொட்டலத்தையும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். ஓ.ஆர்.எஸ். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிறார்களே, அதேதான். உலகச் சுகாதார நிறுவனம் 2002 முதல் பரிந்துரைக்கும் கலவையில் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். இது கரைந்த பிறகு அந்தக் கரைசலை எப்படி விவரிக்கிறார்கள் என்று பாருங்கள்: சோடியம் 75 மில்லிமோல், குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10, குளுக்கோஸ் 75. சோடியம் 75இல் சுமார் 45 உப்பிலிருந்து வந்தது, 30 சிட்ரேட்டிலிருந்து வந்தது. கரைந்த பிறகு எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது, குடலுக்கும் அது தெரிய வேண்டியதில்லை. குளோரைடும் அப்படித்தான், இரண்டு உப்புகளிலிருந்து வந்து ஒன்றாகிவிட்டது. அயனிக்குப் பூர்வீகம் கிடையாது. குளுக்கோஸ் மட்டும் மூலக்கூறாகப் போய் மூலக்கூறாகவே இருக்கிறது, பிரியவில்லை. அயனிச் சேர்மத்துக்கும், அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்புச் சேர்மத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் அட்டவணை எனக்குத் தெரிந்து இல்லை. அதுவும் பிள்ளைகளின் வீட்டிலேயே இருக்கிறது.

ஆய்வகத்துக்கு வருகிறேன். சில்வர் நைட்ரேட் கரைசலில் உப்புக் கரைசலை ஊற்றினால் தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு வருகிறது என்று செய்முறைக் குறிப்பேட்டில் எல்லோரும் எழுதியிருக்கிறோம். அந்த வீழ்படிவு சில்வர் குளோரைடு, அயனிப் பிணைப்பு உள்ள சேர்மம். அங்கே சில்வர் எந்தக் குளோரினுக்கு எலக்ட்ரான் கொடுத்தது? யாருக்கும் கொடுக்கவில்லை. சில்வர் ஏற்கெனவே நேர்மின் அயனி, குளோரைடு ஏற்கெனவே எதிர்மின் அயனி. குழாயில் இரண்டும் சந்தித்த கணமே ஈர்ப்பு, திண்மம், வீழ்படிவு. ஓர் எலக்ட்ரானும் நகராமல் அயனிப் பிணைப்பு உண்டாவதைப் பிள்ளை கண்ணால் பார்க்கிறது. ஆனால் "எலக்ட்ரான் பரிமாற்றத்தால் உண்டாவது அயனிப் பிணைப்பு" என்று முதல் பாடத்தில் மனப்பாடம் செய்துவிட்டதால், பார்த்ததை அதனோடு பொருத்திப் பார்க்கத் தோன்றுவதில்லை.

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் தடுமாற்றம் மட்டும் அன்று. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கீத் டேபர் இதையே பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும் மாறி மாறி அடுக்கியிருக்கும் படத்தைக் காட்டினால், தனக்கு எலக்ட்ரான் கொடுத்த அந்த ஒரு சோடியத்தோடுதான் குளோரைடுக்குப் 'பிணைப்பு', மற்றவற்றோடு வெறும் 'விசை' என்று அங்குள்ள மாணவர்களும் சொன்னார்கள். கரும்பலகை அம்புக்குறி எந்த நாட்டில் வரைந்தாலும் ஒரே விளைவைத்தான் தருகிறது.

இனி, சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்க 'விரும்புகிறது' என்கிறோமே, அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மோல் சோடியம் அணுக்களிடமிருந்து ஆளுக்கோர் எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் செலவாகிறது. ஆம், செலவு. தானாகக் கொடுக்காது, பிடுங்கத்தான் வேண்டும். அந்த எலக்ட்ரான்களைக் குளோரின் அணுக்கள் ஏற்கும்போது 349 கிலோஜூல் திரும்ப வருகிறது. இரண்டையும் சேர்த்தால் இன்னும் 147 கிலோஜூல் நட்டம். திண்ம சோடியத்தை ஆவியாக்க 108, குளோரின் மூலக்கூறை உடைக்க, அரை மோலுக்கு, 122. இவற்றையும் சேர்த்தால் நட்டம் 377 ஆகிறது. எட்டு எட்டு ஆகிவிட்ட மகிழ்ச்சியில் வினை நடக்கிறது என்றால் இந்த நட்டத்தை ஈடுகட்டுவது யார்?

ஈடுகட்டுவது படிகம். நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் மாறி மாறி மூன்று திசைகளிலும் அடுக்கிக்கொள்ளும்போது மோலுக்கு ஏறத்தாழ 788 கிலோஜூல் வெளிவருகிறது. 788இலிருந்து 377 போக 411. சோடியம் குளோரைடு உண்டாகும்போது வெளியாகும் வெப்பம் அந்த 411தான். வினை நடப்பதற்கான காரணம் அந்த அடுக்கில் இருக்கிறது, அம்புக்குறியில் இல்லை. நாம் படத்தில் வரையாமல் விட்டுவிடும் பகுதிதான் மொத்தச் செலவையும் ஏற்றுக்கொள்கிறது.

சோடியம் ஏன் ஓர் எலக்ட்ரானோடு நின்றுவிடுகிறது என்பதும் இதே கணக்கில் தெரிந்துவிடும். இரண்டாவதைப் பிடுங்க 4562 கிலோஜூல் வேண்டும், எந்தப் படிகத்தாலும் அந்தச் செலவை ஈடுகட்ட முடியாது. மக்னீசியத்துக்கு முதல் எலக்ட்ரான் 738, இரண்டாவது 1451. கூடுதல்தான், ஆனால் இரட்டை மின்சுமை கொண்ட அயனிகள் அடுக்கும்போது கிடைப்பது மிக அதிகம். மக்னீசியம் ஆக்சைடில் அது 3800 கிலோஜூலை ஒட்டி வருகிறது. மூன்றாவது எலக்ட்ரானுக்கு 7700க்கு மேல், அங்கே நின்றுவிடுகிறது. வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் என்ற எண்ம விதி தவறு என்று நான் சொல்லவில்லை. எந்த அயனி உண்டாகும் என்று ஊகிக்க அது நல்ல சுருக்குவழி. சுருக்குவழியைக் காரணம் என்று சொல்லிக்கொடுப்பதைத்தான் மறுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் இத்தனை எண்களும் வேண்டாம் என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். "எலக்ட்ரானைப் பிரிக்க ஆற்றல் வேண்டும், அயனிகள் அடுக்கிக்கொள்ளும்போது அதைவிட அதிக ஆற்றல் கிடைக்கிறது" என்ற ஒரு வரியை ஒன்பதாம் வகுப்பு தாங்கும். 'விருப்பம்', 'தியாகம்', 'கல்யாணம்' எல்லாம் சொல்லித்தான் புரியவைக்க வேண்டும் என்ற நிலை அப்போது வராது.

இந்த அடுக்கை முதலில் கண்டவர்களின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அயனி என்ற பெயரை 1834இல் வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரம் பாயும்போது கரைசலில் மின்வாய்களை நோக்கி நகர்பவை என்ற பொருளில் வைத்தார். மின்சாரமே இல்லாமலும் கரைசலில் அயனிகள் இருக்கின்றன என்று சொல்ல ஸ்வீடனில் ஸ்வாந்தே அர்ரேனியஸ் வர வேண்டியிருந்தது. 1884இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த ஆய்வேட்டுக்குத் தேர்வாளர்கள் தாழ்ந்த தரமே கொடுத்தார்கள். அதே கருத்தை வளர்த்தெடுத்ததற்காக 1903இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. பிறகு 1913இல், 23 வயது லாரன்ஸ் பிராக் எக்ஸ் கதிர்களைப் பயன்படுத்தி உப்புப் படிகத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தார். உப்புக்குள் சோடியம் குளோரைடு மூலக்கூறு என்று எதையும் சுட்டிக்காட்ட முடியவில்லை. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம், அடுத்தடுத்த இரண்டு அயனிகளுக்கு இடையே 282 பிகோமீட்டர். எல்லாத் தூரமும் ஒன்றே. எந்தக் குளோரைடு எந்தச் சோடியத்துடையது என்று கேட்கவே இடமில்லை.

இதை ஏற்றுக்கொள்வது பெரிய வேதியியலாளர்களுக்கே கடினமாக இருந்தது. ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த ஆங்கில வேதியியலாளர், பிராக்கின் கண்டுபிடிப்பு வந்து 14 ஆண்டுகள் கழிந்த பிறகும், 1927இல் நேச்சர் இதழுக்குக் கோபமாக ஒரு கடிதம் எழுதினார். சாதாரண உப்பைச் சதுரங்கப் பலகை ஆக்கிவிட்டார்கள் என்பது அவர் ஆத்திரம். மூலக்கூறு இல்லாத சேர்மத்தை அவரால் கற்பனை செய்ய முடியவில்லை. ஆம்ஸ்ட்ராங்குக்கு அன்று இருந்த சங்கடம்தான் இன்று பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் இருக்கிறது. அவருக்குப் பழைய பழக்கம் காரணம். இந்தப் பிள்ளைக்குப் பழக்கத்தை உண்டாக்குவது நாம்.

படிகத்தைக் காட்டப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கைவில்லை ஒன்றும், அளத்திலிருந்து வந்த கல்லுப்பு ஒரு பிடியும் போதும். கருப்புத் தாளில் பரப்பி வில்லை வழியாகப் பார்க்கச் சொல்லுங்கள். உருண்டையாக ஒன்றும் இருக்காது. விளிம்புகள் நேர், மூலைகள் செங்கோணம். சில கற்களில் படிக்கட்டு போல உள்நோக்கி இறங்கும் சதுரக் குழிகள் தெரியும். ஒரு பெரிய கல்லைக் கத்தி முனையை வைத்து மெல்லத் தட்டினால் தட்டையான முகத்தோடு பிளக்கும். அடுக்கு ஓர் அயனி அளவு நகர்ந்தாலே நேர்மின்னுக்கு எதிரே நேர்மின் வந்துவிடுகிறது, விலக்கித் தள்ளிப் பிளந்துகொள்கிறது. ஒரு மில்லிகிராம் எடையுள்ள உப்புத் துணுக்கில் சோடியம் அயனிகளின் எண்ணிக்கை 1 போட்டு அதன் பின்னால் 19 சுழிகள் போட்டால் வரும் எண்ணுக்குப் பக்கத்தில் வரும். அத்தனையும் ஒரே அடுக்கு. 'என்ஏசிஎல்' என்று நாம் எழுதுவது அந்த அடுக்கில் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதம் மட்டுமே.

மின்கடத்தலையும் செய்து காட்டுங்கள். ஒன்பது வோல்ட் மின்கலம், ஒரு சிறு எல்.ஈ.டி., அது கருகாமல் இருக்க 470 ஓம் மின்தடை, இரண்டு பென்சில் கரிக்குச்சிகள். காய்ந்த உப்புக்குள் குச்சிகளைச் செருகினால் விளக்கு எரியாது. வாலைவடிநீரில் வைத்தாலும் எரியாது. அந்த நீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்கினால் எரியும். சர்க்கரை போட்டால் எரியாது. காய்ந்த உப்பில் அயனிகள் இல்லாததால் எரியவில்லை என்று பிள்ளைகள் சொல்வார்கள், அங்கேதான் நிறுத்திக் கேட்க வேண்டும். அயனிகள் அங்கேயும் முழுக்க முழுக்க இருக்கின்றன, அவற்றால் நகர முடியவில்லை, அவ்வளவுதான். 801 டிகிரி செல்சியசில் உருக்கினால் தண்ணீரே இல்லாமலும் உப்பு மின்சாரத்தைக் கடத்தும். கரைசலில் நீண்ட நேரம் மின்சாரத்தை ஓடவிட்டால் ஒரு குச்சியின் அருகே குளோரின் நெடி லேசாக வரும். சன்னலைத் திறந்துவைத்துவிட்டுச் செய்யுங்கள், சில நிமிடங்களில் நிறுத்திவிடுங்கள்.

அந்த நெடி வரும் இடத்தில்தான் எலக்ட்ரான் உண்மையில் கைமாறுகிறது. குளோரைடு அயனி தன் எலக்ட்ரானை மின்வாயிடம் இழந்து குளோரின் ஆகிறது. மேட்டூரிலும் நம் மாவட்டத்துச் சாகுபுரத்திலும் உப்புநீரிலிருந்து காஸ்டிக் சோடா எடுக்கும் ஆலைகளில் பெரிய அளவில் நடப்பதும் இதே வினைதான். மறுமுனையில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது தண்ணீர், அதிலிருந்து ஹைட்ரஜன் வெளியேறுகிறது. சோடியம் அயனி முன்பும் அயனி, பின்பும் அயனி. உப்பில் இருந்தாலும் காஸ்டிக் சோடாவில் இருந்தாலும் சோப்பில் இருந்தாலும் அது மாறவில்லை. எலக்ட்ரான் பரிமாற்றம் பற்றிச் சொல்ல வேண்டுமா, மின்னாற்பகுத்தலில் சொல்லுங்கள். அதற்கு உரிய இடம் அங்கே இருக்கிறது.

அணுவையும் அயனியையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்வது தேர்வுத்தாளோடு போகிற விஷயம் அன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு அதிகம். பற்களில் கறை, எலும்புகளில் பாதிப்பு என்று தலைமுறைகளாக மக்கள் அவதிப்பட்டதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஃபுளூரின் என்ற வாயு வேறு, பாறையிலிருந்து நீரில் கரைந்து வரும் ஃபுளூரைடு அயனி வேறு. அந்த ஊர்ப் பிள்ளை இதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு வீட்டில் சொல்ல வேண்டாமா? ஃபுளூரைடு கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது, காய்ச்சினால் போகாது, வற்றக் காய்ச்சினால் அடர்த்திதான் கூடும். அது அயனி என்பதால்தான் இத்தனையும்.

உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிச் சேர்மம் என்ற விதியைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். வயலில் போடும் அம்மோனியம் சல்பேட்டில் உலோகம் என்று ஒன்றுமே இல்லை, ஆனால் அது முழுமையான அயனிச் சேர்மம். அம்மோனியம், சல்பேட், நைட்ரேட், அயோடின் சேர்த்த உப்பில் இருக்கும் அயோடேட் இவையெல்லாம் உள்ளுக்குள் சகப்பிணைப்பால் கட்டப்பட்டு, வெளியே ஒரே அயனியாக நடந்துகொள்பவை. இவற்றுக்குப் புள்ளி வரைந்து எலக்ட்ரான் கொடுக்கல் வாங்கல் காட்ட முடியாது என்பதால் பாடத்தில் பின்னால் தள்ளிவிடுகிறோம். உரக் கடையிலும் மளிகைக் கடையிலும் இவைதான் முன்னால் இருக்கின்றன.

பாடநூல் எழுதுவோரிடம் நான் கேட்பது இது. அயனிச் சேர்மம் பகுதியின் முதல் படமாகப் படிக அடுக்கை வையுங்கள், எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டும் புள்ளிப்படம் அதற்குப் பின்னால் வரட்டும். அதன் கீழே "அயனி உண்டாகும் ஒரு வழி" என்று எழுதுங்கள். சோடியம் குளோரைடு மூலக்கூறு என்ற சொற்றொடர் எந்தப் பக்கத்திலும் எந்தப் பயிற்சி வினாவிலும் வர வேண்டாம். உப்பளம் ஒரு பக்கம், ஓ.ஆர்.எஸ். ஒரு பக்கம், சில்வர் குளோரைடு வீழ்படிவு ஒரு பக்கம். மூன்று பக்கம் கூடும் என்றால், ஒரே புள்ளிப்படத்தை மக்னீசியம் குளோரைடுக்கும் கால்சியம் ஆக்சைடுக்கும் மறுபடி மறுபடி வரையும் பக்கங்களை எடுத்துவிடலாம்.

ஆசிரியர்களிடம் கேட்பது இன்னும் எளிது. புத்தகம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். வேதிப்பிணைப்பு தொடங்கும் நாளில் கல்லுப்பையும் வில்லையையும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போங்கள். அம்புக்குறியை அடுத்த நாள் வரையலாம். நாற்பது பேர் உள்ள வகுப்பில் வில்லை இரண்டுதான் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும், வரிசையாகக் கைமாற்றிப் பார்க்க ஒரு பாடவேளை ஆகிவிடும் என்பதும் தெரியும். அந்த ஒரு பாடவேளை வீணாகாது.

வினாத்தாள் தயாரிப்போர்தான் எல்லோரையும்விட முக்கியம், ஏனென்றால் வினா மாறாமல் வகுப்பறை மாறாது. "சோடியம் குளோரைடு உருவாதலைப் புள்ளிப்படம் மூலம் விளக்குக" என்ற வினா இருக்கிற வரையில் எந்த ஆசிரியரும் பெற்றோரும் வேறு வழியில் போக மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப்பாருங்கள்: "ஒரு முகவையில் சோடியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் குளோரைடும் சம மோல் அளவில் கரைக்கப்பட்டன. இன்னொன்றில் அதே மோல் அளவில் சோடியம் குளோரைடும் பொட்டாசியம் நைட்ரேட்டும் கரைக்கப்பட்டன. இரண்டு கரைசல்களையும் வேறுபடுத்த முடியுமா? காரணம் கூறுக." முடியாது, இரண்டிலும் இருப்பவை அதே நான்கு அயனிகள்தான் என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். விடைக்குறிப்பில் இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும்: "முடியும்" என்று எழுதினாலும், எந்த அயனி எங்கே இருக்கிறது என்று யோசித்த தடம் விடைத்தாளில் தெரிந்தால் அதற்கும் பாதி மதிப்பெண் உண்டு.

அன்புடன்,
மேல்நிலை வகுப்பு வேதியியல் ஆசிரியர்,
தூத்துக்குடி மாவட்டம்